ஜிப்சியில் கார்ப்பரேட்டர் இஞ்சினை எடுத்துவிட்டு எம்பிஎஃப்ஐ வைத்த பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

கம்பம், போடி, குமுளி சுற்றுவட்டாரத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்கும் பழைய மாருதி ஜிப்சிகளில் இந்த மாற்றம் அடிக்கடி நடக்கிறது. 1996-ல் வந்த ஜிப்சி கிங்கில் 1298 சிசி, 8 வால்வு, கார்ப்பரேட்டர், 60 குதிரைத்திறன். 2000-க்குப் பிறகு வந்ததில் அதே 1298 சிசிதான், ஆனால் 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை), 80 குதிரைத்திறன். வண்டி அதே வண்டி என்பதால் பழைய பாடியில் புது வருஷ இஞ்சினை இறக்கிவிடுகிறார்கள். இஞ்சின் ஏறி உட்காருவது பெரிய விஷயமில்லை. வயரிங்தான் அதற்கப்புறம் மாசக்கணக்கில் ஆளை அலைய வைக்கும்.

இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். இஞ்சினோடு வந்த வயரிங் கிட் அநேகமாக நன்றாகவே இருக்கும், பழைய பாடி வயரிங்கும் நன்றாகவே இருக்கும், இரண்டும் சேர்கிற இடத்தில் உள்ள பத்துப் பன்னிரண்டு வயரில்தான் கோளாறு உட்கார்ந்திருக்கும். பேட்டரி நேர் லைன் (எப்போதும் கரண்ட் இருப்பது), சாவி லைன் (சாவியைப் போட்டால் மட்டும் வருவது), செல்ஃப் லைன் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு), பெட்ரோல் பம்ப், செக் லைட் (இஞ்சின் கோளாறு விளக்கு), சார்ஜ் லைட், டெம்பரேச்சர் மீட்டர், ஆயில் லைட், ஸ்பீடு சென்சார், அப்புறம் எர்த்துகள் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்புகள்). ஈசிஎம் (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது என்று யார் சொன்னாலும் இந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை நம்பாதீர்கள். கோவை உக்கடத்தில் ஒரு ஈசிஎம், கேரளப் பக்கம் வண்டி பிரிக்கும் கடையில் இன்னொன்று என்று வாங்கிவைத்துக்கொண்டு, எர்த் போல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

கையில் வேண்டியவை: ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், இரண்டு மீட்டர் தடித்த வயர், ஜம்ப் கேபிள், உப்புத்தாள். முடிந்தால் எந்த வருஷ வண்டியிலிருந்து இஞ்சின் வந்ததோ அந்த வருஷத்து வயரிங் படம். வயர் நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள், வருஷத்துக்கு வருஷம் நிறமும் கப்ளரும் (வயர்களை இணைக்கும் பிளக்) மாறியிருக்கும்.

ஆர்சி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இஞ்சின் நம்பர் மாறினால் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. தினமும் மாநில எல்லை தாண்டுகிற வண்டி என்றால் தள்ளிப்போடவே கூடாது. விபத்து ஆனால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். இஞ்சின் வாங்கும்போதே அது வந்த வண்டியின் பேப்பரையும் பில்லையும் சேர்த்து வாங்குங்கள்.

அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் செல்ஃபே சுற்றவில்லை

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

லைட் செத்துப்போகிறதா? பேட்டரி, அல்லது பேட்டரி டெர்மினல். வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும், செல்ஃப் இழுக்கும்போது பத்துக்குக் கீழே ரொம்பவும் இறங்கக் கூடாது. டெர்மினலைக் கழற்றிச் சுரண்டி இறுக்கிய பிறகே பேட்டரியைக் குறை சொல்லுங்கள்.

லைட் அப்படியே நிற்கிறது, "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா? இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டை இல்லை, அல்லது பெயிண்ட் மேலேயே போல்ட் போட்டிருக்கிறார்கள். இஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பட்டை இல்லாவிட்டால் கரண்ட் திரும்ப வழியில்லை. ஜம்ப் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இஞ்சின் பிளாக்கிலும் மாட்டிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். உடனே சுற்றினால் கோளாறு கிடைத்துவிட்டது, புதுப் பட்டை ஒன்று போடுங்கள். இதை அப்படியே விட்டால் அந்தக் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் போகப் பார்க்கும், கேபிள் சூடாகிப் புகைவதும் உண்டு.

சத்தமே இல்லையா? செல்ஃப் மோட்டாரில் வந்து மாட்டும் சின்ன வயரில் டெஸ்ட் லேம்பை வைத்து ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லேம்ப் எரியவில்லை என்றால் பாடிப் பக்கத்திலிருந்து வரும் செல்ஃப் லைன் இணைக்கப்படவில்லை, அல்லது வேறு கப்ளரில் போயிருக்கிறது. எரிந்தும் செல்ஃப் அசையவில்லை என்றால் மட்டுமே மோட்டாரைக் கழற்றுங்கள்.

அறிகுறி 2: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் எடுக்கவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம். செல்ஃபை அடித்து அடித்து பேட்டரியைக் காலி செய்ய வேண்டாம். சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி இரண்டே விஷயத்தைக் கவனியுங்கள்: செக் லைட் எரிகிறதா, பின்னால் டேங்க் பக்கம் பம்ப் இரண்டு மூன்று வினாடி "உம்ம்" என்று ஓடி நிற்கிறதா.

ஒரு விஷயம். கார்ப்பரேட்டர் வண்டியின் மீட்டரில் செக் லைட்டே கிடையாது. இடம் இல்லையே என்று பலர் அந்த வயரை டேப் சுற்றி அப்படியே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். டேஷ்போர்டில் ஒரு சின்ன பல்பு போடுங்கள், ஒரு முனைக்குச் சாவி லைன், மறு முனைக்கு ஈசிஎம்மிலிருந்து வரும் செக் லைட் வயர். ஈசிஎம் அந்த வயரை எர்த் செய்யும்போது பல்பு எரியும். இந்த ஒரு பல்பு இல்லாமல் கோளாறு தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

2அ. செக் லைட் எரியவில்லை, பம்பும் ஓடவில்லை

ஈசிஎம்முக்குக் கரண்ட் போகவில்லை. ஃபியூஸை முதலில் பாருங்கள், கண்ணால் பார்த்தால் போதாது, டெஸ்ட் லேம்பை ஃபியூஸின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். அடுத்து மெயின் ரிலே (சாவி லைனால் இயங்கி ஈசிஎம்முக்குக் கரண்ட் திறந்துவிடும் சுவிட்ச்). சாவியை ஆன் செய்யும்போது ரிலே மேல் விரலை வைத்தால் ஒரு தட்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ரிலேயின் காயிலுக்கு வரும் சாவி லைன் இல்லை, அல்லது ரிலேக்கு எர்த் இல்லை. ரிலே தட்டுகிறது ஆனால் மறுபக்கம் கரண்ட் வரவில்லை என்றால் பேட்டரி நேர் லைன் வந்து சேரவில்லை.

இதெல்லாம் சரி, ஆனாலும் லைட் இல்லையா? ஈசிஎம் எர்த்துகளைப் பாருங்கள். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஈசிஎம் கப்ளரின் எர்த் வயரிலும் வைத்து சாவியை ஆன் செய்யுங்கள். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும், அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் மோசம். எதிர்ப்பை ஓம் கணக்கில் அளந்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருக்கும் வயர்கூட ஓமில் நல்லதாகத்தான் காட்டும்.

2ஆ. செக் லைட் எரிகிறது, பம்ப் சத்தம் இல்லை

கார்ப்பரேட்டர் வண்டியில் பம்ப் இஞ்சினிலேயே இருந்தது, டேங்க் பக்கம் மீட்டருக்கான வயர்தான் போனது. இப்போது டேங்குக்குப் புதிதாக லைன் இழுத்திருப்பார்கள். அந்த லைனில் ரிலே, 15 ஆம்ப் ஃபியூஸ், டேங்க் பக்கம் நல்ல எர்த், மூன்றும் வேண்டும். பம்ப் கப்ளரைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் மாட்டி, சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வினாடி எரிந்து அணைந்தால் லைன் சரி, பம்பு தான் போச்சு. எரியவே இல்லை என்றால் லேம்பின் எர்த் முனையை சேஸிஸின் சுத்தமான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள், அப்போது எரிந்தால் டேங்க் பக்க எர்த்தில் கோளாறு. அப்படியும் எரியவில்லை என்றால் ரிலே வரை பின்னோக்கி வாருங்கள்.

சிலர் பொறுமையிழந்து பம்பைச் சாவி லைனில் நேராக மாட்டிவிடுகிறார்கள். ஓடும், ஆனால் வண்டி கவிழ்ந்தாலோ பைப் அறுந்தாலோ இஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இஞ்சின் சுற்றவில்லை என்றால் பம்பை நிறுத்துவது ஈசிஎம்மின் வேலை, அதை அதனிடமே விடுங்கள்.

2இ. லைட்டும் உண்டு, பம்பும் உண்டு, பிளக்கில் பொறி இல்லை

பிளக்கைக் கழற்றி இஞ்சினில் நன்றாக எர்த் ஆகும்படி வைத்துப் பாருங்கள், அந்தரத்தில் பிடித்துப் பார்த்தால் இக்னீஷன் பாகங்கள் கெடும். பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது, இன்ஜெக்டர் கப்ளர்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பொறி இல்லையென்றால் இக்னீஷன் காயிலுக்கு (பிளக்குக்குப் பொறி தருவது) 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். பழைய காயிலுக்குப் போன வயரையே எடுத்து இதற்குக் கொடுத்திருந்தால் வழியில் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அதை விட்டுவிட்டு நேரான சாவி லைன் கொடுங்கள். காயிலுக்குக் கரண்ட் சரியாக இருந்தால் அடுத்து, இஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் அல்லது கேம் சென்சார் கப்ளர். இஞ்சினை இறக்கும்போது பெல் ஹவுசிங் (இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு) நடுவில் வயர் நசுங்குவது சாதாரணம். சுற்றியுள்ள மேல் உறையைத் தடவிப் பாருங்கள், தட்டையாகத் தெரியும்.

2ஈ. பொறியும் உண்டு, பம்பும் உண்டு, இன்ஜெக்டர் திறக்கவில்லை

இன்ஜெக்டர் கப்ளரில் சாவி ஆன் செய்ததும் ஒரு முனையில் 12 வோல்ட் நிற்க வேண்டும். இல்லையென்றால் மெயின் ரிலேயிலிருந்து வரும் கிளை அறுந்திருக்கிறது. இருந்தால் டெஸ்ட் லேம்பை (எல்இடி வகை நல்லது) கப்ளரின் இரண்டு முனைக்கும் நடுவில் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள், மினுக்க வேண்டும். மினுக்கினால் ஈசிஎம் வேலை செய்கிறது, இன்ஜெக்டர்தான் அடைத்திருக்கிறது. காயலான் கடையில் வெயிலிலும் மழையிலும் கிடந்த இஞ்சினில் பெட்ரோல் காய்ந்து இன்ஜெக்டர் ஒட்டிக்கொள்ளும், எடுத்து அல்ட்ராசோனிக் கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

2உ. செக் லைட்டோ வேறொரு லைட்டோ வேகமாக மினுக்குகிறது

பிந்தைய வருஷ வண்டியிலிருந்து வந்த கிட் என்றால் இம்மொபிலைசர் (வேறு சாவியில் இஞ்சின் எடுக்காமல் தடுக்கும் திருட்டுத் தடுப்பு) இருக்கலாம். சாவி, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம், கண்ட்ரோல் பெட்டி, ஈசிஎம் எல்லாம் ஒன்றுக்கொன்று பழகிய ஜோடி. ஈசிஎம்மை மட்டும் எடுத்து வந்தால் எடுக்காது. இஞ்சின் வந்த வண்டி இன்னும் கடையில் கிடந்தால் மற்றவற்றையும் சேர்த்து எடுங்கள், அதுதான் மலிவு. இல்லையென்றால் இது உங்கள் வேலை இல்லை, அந்த கம்பெனி ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

2ஊ. எல்லாமே இருக்கிறது, ஆனாலும் எடுக்கவில்லை

டேங்கில் இருப்பது பழைய பெட்ரோலா என்று பாருங்கள். பிளக் நனைந்திருந்தால் காயவிடுங்கள். கடைசியாக டைமிங் பெல்ட் மார்க். பெல்ட்டைத் தொடுவது என்றால் பழக்கமுள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஒரு பல் மாறினாலே வண்டி வண்டியாக இருக்காது.

அறிகுறி 3: எடுத்தவுடன் நின்றுவிடுகிறது, அல்லது சாவியை விடும்போதுதான் எடுக்கிறது

இரண்டும் ஒரே இடத்துக் கோளாறு, திசைதான் வேறு. சாவி சுவிட்சில் ஒரு முனை ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் உயிரோடு இருக்கும். இன்னொன்று ரேடியோவுக்கானது, செல்ஃப் அடிக்கும்போது செத்துவிடும். மூன்றாவது ஸ்டார்ட் நிலையில் மட்டும் வரும்.

செல்ஃப் அடிக்கும்போது இருமி இருமி, சாவியை விடும் நொடியில் எடுக்கிறது என்றால் ஈசிஎம்முக்கு ரேடியோ முனையைக் கொடுத்திருக்கிறார்கள். செல்ஃபில் நன்றாக எடுத்து, சாவியை விட்டதும் செத்துவிடுகிறது என்றால் ஸ்டார்ட் முனை. டெஸ்ட் லேம்பை ஈசிஎம் சாவி லைனில் வைத்து ஆன், ஸ்டார்ட், மறுபடி ஆன் என்று திருப்புங்கள், ஒரு நொடிகூட அணையக் கூடாது. ஐந்து நிமிஷ வேலை. இதற்குப் போய் பம்ப் மாற்றியவர்கள், ஈசிஎம் மாற்றியவர்கள் எல்லாரும் உண்டு.

சாவி லைன் சரியாக இருந்து, இரண்டு வினாடி ஓடி நின்றால் 2உ-வைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வினாடி ஓடி மெதுவாகச் சாகிறது என்றால் பெட்ரோல் வரத்து, அறிகுறி 5-க்குப் போங்கள்.

அறிகுறி 4: ஐடிலிங் ஏறி இறங்குகிறது, அல்லது ஒரேயடியாக உயர்ந்து நிற்கிறது

ஐடிலிங் (மிதிக்காதபோது இஞ்சின் சுற்றும் வேகம்) உயர்ந்தே நிற்கிறதா? பழைய வண்டியின் ஆக்ஸிலரேட்டர் கேபிள் கார்ப்பரேட்டருக்கு அளந்தது. திராட்டில் பாடியில் (இஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) மாட்டும்போது இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, வண்டி நின்றபடியே இஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், இறங்கினால் அதுதான். புதிய வருஷ வண்டியின் கேபிளையே வாங்கிப் போடுங்கள், முடிச்சுப் போட்டு, நட்டு வைத்துச் சரிக்கட்டாதீர்கள். மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏறி இறங்குகிறதா? எங்கோ காற்று உள்ளே போகிறது. பிரேக் பூஸ்டர் குழாய், வால்வு கவரிலிருந்து வரும் குழாய், பழைய வண்டியில் இருந்து இதில் தேவைப்படாத குழாய்களுக்கு அடைப்பு போட்டிருக்கிறார்களா, மேனிஃபோல்ட் கேஸ்கட், இந்த வரிசையில் ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பாருங்கள். எந்தக் குழாயை நசுக்கும்போது இஞ்சின் நிதானமாகிறதோ அங்கே கை வையுங்கள். குழாயெல்லாம் சரி என்றால் திராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், பிறகு திராட்டில் சென்சார், பிறகு ஐடில் வால்வு. திராட்டில் சென்சாரில் மூடிய நிலையில் அரை வோல்ட் பக்கம் தொடங்கி, மிதிக்க மிதிக்கத் தாவாமல் நான்கு வோல்ட்டைத் தொட வேண்டும்.

ஓடும்போது நன்றாக இருந்து, பிரேக் பிடித்து நிறுத்தும்போது மட்டும் ஆஃப் ஆகிறது என்றால் ஸ்பீடு சென்சார் வயரைப் பாருங்கள். சில வருஷத்தில் அது கியர்பாக்ஸில் திருகியிருக்கும், சிலதில் கேபிள் மீட்டருக்குள்ளேயே இருக்கும். பழைய மீட்டரை வைத்துக்கொண்டால் இரண்டுமே இல்லாமல் போய்விடும் வாய்ப்பு உண்டு.

அறிகுறி 5: கம்பத்தில் நன்றாக ஓடுகிறது, லோயர் கேம்ப் தாண்டி ஏறினால் இழுக்கவில்லை

நம் பக்கத்து வண்டிகளுக்கே உரிய புகார் இது. சமவெளியில் எந்தக் குறையும் தெரியாது. குமுளி ஏற்றத்திலோ கம்பம்மெட்டு ஏற்றத்திலோ இரண்டாவது கியரில் மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும், கொண்டை ஊசி வளைவில் ஒரு நொடி செத்துப் பிறகு உயிர் வரும்.

முதல் கேள்வி, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது? பாதிக்கு மேல் நிரப்பிவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் பழைய டேங்க்தான் காரணம். எம்பிஎஃப்ஐ டேங்கில் பம்பைச் சுற்றிப் பெட்ரோலைப் பிடித்து வைக்கத் தடுப்பு இருக்கும், பழைய டேங்கில் பம்பை வெளியே மாட்டியோ ஓட்டை போட்டு இறக்கியோ வைத்திருந்தால் வண்டி சாயும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை இழுக்கும். இதற்கு நிரந்தர வழி, புது வருஷ டேங்கையே பம்போடு வாங்கி மாட்டுவதுதான். பழைய டேங்கில் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலி டேங்கில் ஆவி இருக்கும், வெடித்தால் ஆள் தங்க மாட்டார்.

டேங்க் நிறைந்திருந்தும் இழுக்கவில்லையா? பில்டரை மாற்றுங்கள், செலவு குறைவு. பழைய டேங்கில் துரு இருந்தால் புது பில்டரும் சீக்கிரம் அடைக்கும், அதனால் கழற்றிய பில்டரை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள், செம்மண் நிறத்தில் கொட்டினால் டேங்க் வேலையும் சேர்ந்து இருக்கிறது. பிறகு பம்புக்குப் போகும் கரண்ட். நிற்கும்போது 12 வோல்ட் காட்டும் லைன் பம்ப் ஓடும்போது பத்துக்கு விழுந்தால் மெல்லிசான வயர் இழுத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்ப் முனையில் அளக்க வேண்டும், கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் இது தெரியாது.

இதற்கப்புறம்தான் பிரஷர் கேஜ். எம்பிஎஃப்ஐ ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாய்) கிட்டத்தட்ட 3 கிலோ பிரஷர் நிற்க வேண்டும், பழைய மெக்கானிக்கல் பம்ப் கொடுத்தது இதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் பழைய ரப்பர் குழாயையும் பழைய கிளிப்பையும் ஒரு இடத்தில்கூட விடாதீர்கள், பிரஷர் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். லைனைக் கழற்றும் முன் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு இஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கேஜ் இல்லையென்றால் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், ஊகத்தில் பம்ப் வாங்க வேண்டாம்.

அறிகுறி 6: கரும்புகை, பெட்ரோல் வாசம், மைலேஜ் இல்லை

வாசம் வந்தால் முதலில் ஒழுகல் தேடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு சொட்டு ஒழுகினாலும் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஒழுகல் இல்லை, புகை மட்டும் என்றால் தண்ணீர் சூட்டைச் சொல்லும் சென்சார். இதில் இரண்டு உண்டு: ஒற்றை வயர் உள்ளது மீட்டருக்கு, இரண்டு வயர் உள்ளது ஈசிஎம்முக்கு. இரண்டு வயர் சென்சார் மாட்டப்படாவிட்டால் ஈசிஎம் இஞ்சின் ஜில்லென்று இருப்பதாகவே நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். கப்ளரைக் கழற்றி சென்சாரில் ஓம் பாருங்கள், இஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டு இரண்டரை கிலோ ஓம், நன்றாகச் சூடானதும் 300 ஓம் பக்கம் இறங்க வேண்டும்.

அடுத்தது ரிட்டர்ன் பைப், அதாவது மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் பைப். பழைய வண்டியின் ரிட்டர்ன் பைப் மெல்லிசு, வழியில் நசுங்கியிருந்தால் ரெயிலில் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். ரிட்டர்னைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, வண்டி நின்றபடியே கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். இதெல்லாம் சரியென்றால் ஆக்ஸிஜன் சென்சார். விலை கூடுதல், அதனால் கடைசியில் வைத்தேன்.

அறிகுறி 7: மழையிலும் மூடுபனியிலும் மட்டும் வரும் கோளாறு

ஜூன் தொடங்கினால் இந்த வண்டிகள் வரிசையாக வரும். வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்ட வண்டி ஒன்று, பகலெல்லாம் நன்றாக ஓடும், காலையில் மூடுபனியில் மட்டும் எடுக்காது, செக் லைட் மங்கலாக எரியும். ஈசிஎம் மாற்றியாகிவிட்டது, காயில் மாற்றியாகிவிட்டது. "அண்ணே, இனி மாத்துறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல" என்று வந்தார் ஓட்டுபவர். ஈசிஎம் எர்த்தை ஃபயர்வாலில் மூன்று வயரையும் ஒரே வளையத்தில் சேர்த்து போல்ட் போட்டிருந்தார்கள், கீழே பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. போல்ட்டின் மரைதான் அத்தனை நாளும் எர்த் கொடுத்திருக்கிறது, அதுவும் ஈரம் ஏறிப் பழுப்பாகிவிட்டது. வளையத்தைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, வளையத்துக்குப் புது முனை போட்டு, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். அதோடு சரி.

மழைக் கோளாறில் இந்த வரிசையில் பாருங்கள்: எர்த் இடங்கள், இன்சுலேஷன் டேப் சுற்றிய மூட்டுகள், ஈசிஎம் வைத்திருக்கும் இடம், பிளக் வயர். டேப் மட்டும் சுற்றிய மூட்டு ஒரு மழைக்காலம் தாங்காது. வெட்டிவிட்டு சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஈசிஎம்மை பானட்டுக்குள் வைக்காதீர்கள், டேஷ்போர்டுக்கு உள்ளே, கப்ளர் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள், தண்ணீர் வயர் வழியாக ஓடி உள்ளே இறங்காது. ராத்திரி இருட்டில் பானட்டைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டுப் பிளக் வயரைப் பாருங்கள், நீலப் பொறி தாவினால் வயரை மாற்ற வேண்டியதுதான்.

தோட்டத்து ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால் எலியையும் சந்தேகியுங்கள்.

அறிகுறி 8: மீட்டர் தப்பாகக் காட்டுகிறது

டெம்பரேச்சர் முள் எப்போதும் மேலே, அல்லது எழுந்திருக்கவே இல்லை: பழைய இஞ்சினின் ஒற்றை வயர் சென்சாரைக் கழற்றிப் புது இஞ்சினில் போடுங்கள், மீட்டரும் சென்சாரும் ஒரே வருஷமாக இருக்க வேண்டும். ஆனால் முள் மேலே போனால் மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைத்து ஓட்டாதீர்கள், தண்ணீர் அளவையும் ஃபேனையும் பார்த்த பிறகே சென்சாருக்கு வாருங்கள்.

சார்ஜ் லைட் எரியவே இல்லை, பேட்டரியும் ஏறவில்லை: அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலும் சார்ஜ் ஆகாது. ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

அறிகுறி 9: ஃபியூஸ் எரிகிறது, அல்லது ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி

ஃபியூஸ் எரிந்தால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் எரியும். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள், ஷார்ட் இருக்கும்வரை பிரகாசமாக எரியும். வயரிங்கை ஒவ்வொரு இடமாக அசைத்துப் பாருங்கள், பல்பு மங்கும் இடத்தில் கோளாறு. ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் இல்லாத இடம், சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம், கியர்பாக்ஸ் பிராக்கெட், இந்த மூன்றும்தான் அநேகமாக.

பேட்டரி காலியானால் சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை ஆம்ப்பில் வைத்து, சில நிமிஷம் பொறுத்துப் பாருங்கள், செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்ப்புக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எது மீட்டர் அளவை விழ வைக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இஞ்சின் ஃபியூஸைப் பிடுங்கும்போது விழுந்தால் மெயின் ரிலே மூடியே கிடக்கிறது, அதாவது சாவி லைனுக்குப் பதிலாக பேட்டரி நேர் லைனை ரிலே காயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இடம் மாற்றினால் முடிந்தது. ரிலேயும் லைனும் சரியாக இருந்து, ஈசிஎம்மே சாவியை எடுத்த பிறகும் ரிலேயை விடாமல் பிடித்திருந்தால், அப்போதுதான் ஈசிஎம்மைத் திறக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், கூடவே நீங்கள் அளந்த வோல்ட் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவருக்குப் பாதி நேரம் மிச்சம்.